தேடுபொறியை இன்றே மாற்றலாம், வாசகர் வட்டத்தை மாற்ற அவசரம் வேண்டாம்

டீச்சர், நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். குலசேகரத்தில் ஓய்வுக்குப் பிறகு ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறீர்கள். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் பேஸ்புக் பக்கமும் இருக்கின்றன. உறுப்பினர்கள் நூறு பேருக்கு மேல். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, நர்சிங் மாணவிகள், ஓய்வுபெற்ற தபால்காரர் என்று எல்லா வகையினரும் உண்டு. இன்ஜினியரிங் படிக்கும் உங்கள் அண்ணன் மகன், கூகுளையும், பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் நடத்தும் மெட்டாவையும் பயன்படுத்துவதே தப்பு, டக்டக்கோ என்ற தேடுபொறிக்கும் மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்துக்கும் மாறுங்கள், வட்டத்தையும் அங்கே கொண்டுபோங்கள் என்று நெருக்குகிறான். அந்த இடங்கள் அவன் சொல்கிற அளவுக்குச் சுதந்திரமானவைதானா, அங்கே போவது அறம்தானா, இல்லை வெறும் மனத்திருப்தியா என்று கேட்கிறீர்கள். நூறு பேரை அழைத்துக்கொண்டு போகிறவருக்கு என்ன பொறுப்பு என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் நாகர்கோவில்காரன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் பல வருடம் சர்வர் பராமரிப்பு வேலை பார்த்தேன். இப்போது நண்பர்களுக்காக ஒரு சின்ன மாஸ்டடான் சர்வரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதில் உறுதியாகப் பேச முடியும். சட்டத்தில் வழக்கறிஞருக்குப் பதிலாக என்னை வைத்துக்கொள்ளாதீர்கள். எது சரி எது தப்பு என்று சொல்லும் இடங்களில் அது என் கருத்து மட்டும்.

அண்ணன் மகன் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு விஷயங்களைப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தேடுபொறியை மாற்றுவது உங்கள் ஒருவருடைய காரியம். இன்று மாற்றி, பிடிக்காவிட்டால் நாளைக்கே திரும்பிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. சமூக வலைத்தளத்தை மாற்றினால், உங்களோடு பேசிக்கொண்டிருந்தவர்களும் கூடவே வர வேண்டும், இல்லையென்றால் விடுபட்டுப் போவார்கள். அதனால் முதலாவதில் துணிந்து செய்யுங்கள், இரண்டாவதில் நிதானமாகப் போங்கள் என்பது என் கட்சி.

முதலில் தேடல். கூகுளில் நாம் பார்க்கும் பெட்டியும் முடிவுகளும் கடையின் முன்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு குடோன் இருந்தால்தான் கடை நடக்கும். அந்தக் குடோனுக்குப் பெயர் இண்டெக்ஸ். கிராலர் என்ற நிரல் கோடிக்கணக்கான வலைப் பக்கங்களைத் திறந்து படித்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று குறித்து வைத்து, அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஆகும் பணம் சாதாரணமானதல்ல. தமிழ் உட்பட எல்லா மொழிகளுக்கும் பெரிய அளவில் சொந்த இண்டெக்ஸ் வைத்திருப்பவை கூகுளும் மைக்ரோசாஃப்டின் பிங்கும்தான். ரஷ்யாவில் யாண்டெக்ஸ், சீனாவில் பைடு. நாம் கேள்விப்படும் மற்றப் பெயர்களில் பல, இவர்களிடம் சரக்கு எடுத்துத் தங்கள் போர்டை மாட்டி விற்பவை. 2008-ல் தொடங்கிய டக்டக்கோவின் சாதாரணத் தேடல் முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருகின்றன. ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமிருந்து எடுக்கிறது. லாபத்தில் மரம் நடும் எகோசியாவும் வாடகைச் சரக்கில் வளர்ந்ததுதான். 2024 மே 23 அன்று பிங் சில மணி நேரம் படுத்துவிட்டபோது டக்டக்கோவும் எகோசியாவும் கூடவே படுத்தன. யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம் 2025 ஆகஸ்ட் 11-ல், தன் இண்டெக்ஸைச் சின்ன நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டுவந்த சேவையை மைக்ரோசாஃப்ட் மூடியது. டக்டக்கோ போன்ற பெரிய கூட்டாளிகளுக்குத் தனி ஒப்பந்தம் இருந்ததால் தப்பித்தார்கள். சின்னவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இதைச் சொன்னதும் டக்டக்கோ ஏமாற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அந்தரங்கம் வேறு, சுதந்திரம் வேறு. நீங்கள் யார், நேற்று என்ன தேடினீர்கள் என்று சேர்த்து வைக்காமல், இப்போது தட்டிய சொல்லுக்கு மட்டும் விளம்பரம் காட்டுவது அவர்கள் தொழில். அந்த அளவுக்கு அது உண்மையான நன்மை. ஆனால் 2022-ல் அவர்களுடைய பிரவுசர், மற்ற வலைத்தளங்களில் இருக்கும் மைக்ரோசாஃப்டின் கண்காணிப்பு நிரல்களை ஒப்பந்தத்தின் பேரில் தடுக்காமல் விட்டது வெளிவந்தது. கூச்சல் எழுந்த பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் மாற்றினார்கள். குடோன் வேறொருவருடையதாக இருந்தால் இந்த மாதிரி நெருக்கடி வரத்தான் செய்யும்.

சொந்தக் குடோன் வைத்திருக்கும் சின்னவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 2004-ல் ஒருவர் தொடங்கிய மோஜீக், இன்றுவரை தன் கிராலரையே நம்பி ஓடுகிறது. பிரேவ் என்ற பிரவுசர் நிறுவனம் 2021 ஜூனில் தன் தேடலை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் பிங்கை முற்றிலும் விட்டுவிட்டதாக அறிவித்தது. ஸ்வீடனில் ஒரு தனி மனிதர் வீட்டுக் கணினியில் தொடங்கிய மார்ஜினாலியா, விளம்பரம் குறைந்த, எழுத்து மிகுந்த, பழைய பாணி வலைத்தளங்களை மட்டும் தேடித் தரும். ஆங்கிலம் வாசிக்கிறவர்கள் ஒருநாள் அதில் சும்மா சுற்றிப் பாருங்கள், இணையம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று தெரியும். யாசி என்று ஒன்று 2003 முதல் இருக்கிறது. அதில் இண்டெக்ஸே பயனர்களின் கணினிகளில் பிரிந்து கிடக்கும். எண்ணம் அருமை. நான் போட்டுப் பார்த்த அளவில் அன்றாடத் தேடலுக்கு உதவாது.

சரி, இவற்றில் தமிழ் எப்படி? உங்களுக்கு அதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மழைக்காலத்தில் நம் குமரி மாவட்டத்தில் எல்லோரும் தேடுவது பேச்சிப்பாறை அணை நீர்மட்டம். அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. அதை நெருங்கும்போது மறுகாலில் உபரி நீரைத் திறப்பார்களா என்பது குழித்துறை வரைக்கும் கவலை. இதே தேடலை நான் பல பொறிகளில் போட்டுப் பார்ப்பது வழக்கம். கூகுள் அன்றைய செய்தியைத் தரும். பிங்கும் டக்டக்கோவும் செய்தியைத் தரும், ஆனால் சில நேரம் போன வருடத்து வெள்ளம் மேலே வந்து உட்கார்ந்திருக்கும். பிரேவ் நடுவாந்தரம். மோஜீக்கில் தமிழ்ப் பக்கங்களே குறைவு, கிடைத்தாலும் சம்பந்தமில்லாதவை. காரணம் வெறும் அலட்சியம் இல்லை. அணை, அணையின், அணையில், அணைக்கு என்று ஒட்டு மாறிக்கொண்டே போகும் மொழியில் எழுத்தை மட்டும் பொருத்திப் பார்க்கும் பொறி தடுமாறும். நாகர்கோவில் என்றும் நாகர்கோயில் என்றும் எழுதுகிறோம். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். விளவங்கோடு பக்கம் ஒரே வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து தேடுவார்கள். இவை எல்லாவற்றையும் ஒரே கேள்வியாகப் புரிந்துகொள்ள, கோடிக்கணக்கானோர் எதைத் தட்டி எதைச் சொடுக்கினார்கள் என்ற பழக்கப் பதிவு வேண்டும். அது கூகுளிடம் குவிந்து கிடக்கிறது.

அந்தக் குவியல் தானாக வந்தது என்று கூகுள் சொல்லும், தரமான சேவைக்குக் கிடைத்த பலன் என்று. அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. 2024 ஆகஸ்ட் 5-ல் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்புச் சொன்னார். போன்களிலும் பிரவுசர்களிலும் தன்னையே முதல் தேர்வாக வைக்க 2021-ல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அந்த வழக்கில் வெளியே வந்தது. ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கும் கூகுள் தரும் இந்தப் பணம்தான் என்பதை அண்ணன் மகனுக்குச் சொல்லிவையுங்கள், அவன் லேப்டாப்பில் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். நம் நாட்டிலும் தேடல் முடிவுகளில் தன் சேவைகளுக்குச் சாதகம் செய்ததாக 2018-ல் இந்தியப் போட்டி ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. போதாக்குறைக்குப் பெரிய வலைத்தளங்களே சின்ன கிராலர்களை வாசலில் நிறுத்திவிடுகின்றன. ரெடிட் என்ற விவாதத் தளம் 2024-ல் கூகுளோடு பணம் பேசி முடித்த பிறகு, தன் புதிய பதிவுகள் மற்றத் தேடுபொறிகளுக்குக் கிடைக்காதபடி அடைத்தது. ஒப்பந்தம் போட வசதியுள்ளவருக்கு மட்டும் கதவு திறக்கும் என்றால் புதிய பொறி எங்கிருந்து வளரும்?

ஆகவே சின்னதைப் பயன்படுத்துவதில் அறம் இருக்கிறதா என்றால், இருக்கிறது, கொஞ்சம். உங்கள் தேடல் அவர்களுக்கு விளம்பர வருமானம். எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று எழுதி அனுப்பினால் அது அதைவிடப் பெரிய உதவி. நான் செய்வது இதுதான்: அன்றாடத்துக்கு பிரேவ் அல்லது டக்டக்கோ, தமிழிலோ உள்ளூர் விஷயத்திலோ கிடைக்காதபோது கூகுள். கூகுளுக்குப் போனதற்காக மனசாட்சியைக் குடைந்துகொள்வதில்லை. அணை திறக்கிறார்களா என்று தெரிய வேண்டிய நேரத்தில் கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியாது.

இங்கே அண்ணன் மகன் ஒரு கேள்வி கேட்பான், கேட்கவும் வேண்டும்: நடத்துகிறவர்கள் யோக்கியமானவர்களா? பிரேவின் தலைவர் பிரெண்டன் ஐக், ஒருபாலினத் திருமணத்தைத் தடை செய்யும் கலிஃபோர்னியா முயற்சிக்கு 2008-ல் ஆயிரம் டாலர் கொடுத்தவர். அது பெரிய பிரச்சினையாகி 2014-ல் மொசில்லா தலைமைப் பதவியை விட்டு விலகினார். பணம் வாங்கிக்கொண்டு விளம்பரமில்லாமல் தேடித் தரும் காகி, தன் மூலங்களில் ஒன்றாக ரஷ்யாவின் யாண்டெக்ஸை வைத்திருந்ததற்காக உக்ரைன் போரின் பேரில் திட்டு வாங்கியது. ரெடிட்டுக்கு மாற்றாக வந்த லெம்மியை எழுதியவர்களின் அரசியல் பிடிக்காமல் ஒதுங்கியவர்கள் நிறைய. முழுக்கச் சுத்தமான ஆளைத் தேடினால் கடைசியில் எதையும் தொட முடியாது. நான் கோடு போடும் இடம் வேறு. அந்த ஆளின் கருத்து, எனக்கு வரும் முடிவுகளை வளைக்கிறதா? என் பணமோ தகவலோ அந்தக் காரியத்துக்குப் போகிறதா? நாளைக்கு நான் வெளியேறினால் என் பொருளைக் கையோடு எடுத்துப் போக முடியுமா? மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக எடை கொடுப்பேன். ஆனால் அந்தத் திருமணத் தடை யாருடைய வாழ்க்கையைத் தொட்டதோ, அவர் என் கணக்கை ஏற்க மாட்டேன் என்று பிரேவைத் தவிர்த்தால், அவரோடு வாதாட எனக்கு உரிமை இல்லை.

இனி சமூக வலைத்தளம். மாஸ்டடான் 2016-ல் வந்தது. அதன் அடியில் இருக்கும் ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறை 2018 ஜனவரியில் வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பின் பரிந்துரையாக ஆனது. ஒரே கம்பெனி, ஒரே சர்வர் என்பதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி. என் சர்வரில் இருப்பவர் ஜெர்மனியில் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு அஞ்சல் போவதைப் போலத்தான். அதே மின்னஞ்சல் ஒரு எச்சரிக்கையும் கூட. விதிமுறை இன்றும் திறந்ததுதான், யாரும் சொந்த அஞ்சல் சர்வர் வைக்கலாம், ஆனால் நடைமுறையில் ஊரே ஜிமெயிலில் இருக்கிறது. பரவலாக்கம் நிரலில் இருந்தால் போதாது, மக்கள் பரவ வேண்டும்.

ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலைத்தளத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அது 2019-ல் ட்விட்டருக்கு உள்ளே ஒரு திட்டமாகத் தொடங்கி, தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் அழைப்பில்லாமல் எல்லோருக்கும் திறந்தது. விதிமுறைப்படி உங்கள் தரவைச் சொந்த சர்வரில் வைக்கலாம், டொமைன் எனப்படும் சொந்த வலை முகவரியையே உங்கள் பெயராக வைக்கலாம். பெரும்பாலானவர்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கிறார்கள். நம்மூரில் எல்லோரும் பேசும் 'அரட்டை' ஆப் பற்றியும் கேட்பீர்கள். தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் உள்ள சோஹோவின் ஆப். நம்மவர் என்ற பெருமை நியாயமானது. ஆனால் உள்நாட்டுத் தயாரிப்பு என்பதும் பரவலாக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. இந்திய ட்விட்டர் என்று 2020-ல் வந்த கூ 2024 ஜூலையில் மூடப்பட்டபோது அங்கே எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு சர்வர் இல்லை.

மாஸ்டடானுக்கு இந்தியர்கள் கூட்டமாகப் போனது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதற்கு எதிர்ப்பாக நிறையப் பேர் கிளம்பினார்கள். தமிழர்களும் இருந்தார்கள். சில வாரங்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள். அது அவர்கள் கொள்கையில் உறுதியற்றவர்கள் என்பதால் என்று நான் நினைக்கவில்லை. பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். உங்கள் வட்டத்தில் பால்வெட்டு முடித்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் போனை எடுக்கிறவர் புதிதாக ஒரு சர்வர் தேர்ந்தெடுத்து, பாஸ்வேர்டு வைத்து, யாரைப் பின்தொடர்வது என்று தேடிக்கொண்டிருக்க மாட்டார். மனதளவில் விலகிவிடுவார், விலகியது உங்களுக்குத் தெரியக்கூட வராது.

நிர்வாகியாக இருப்பதால் உள்ளே என்ன தெரியும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். என் நிர்வாகத் திரையில் ஒவ்வொரு பயனரின் மின்னஞ்சலும், எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது எந்த இணைய இணைப்பு எண்ணிலிருந்து, உள்ளே வந்தார் என்பதும் தெரியும். மாஸ்டடானில் இருவருக்குள் அனுப்பும் செய்தி, அந்த இருவர் மட்டுமே படிக்கும்படி முனையிலிருந்து முனைக்குப் பூட்டப்பட்டதல்ல. திரையில் அது என் கண்ணில் படாது, ஆனால் தரவுத்தளத்தைத் திறந்தால் படிக்கலாம். நான் திறப்பதில்லை. அதற்கு என் வார்த்தையைத் தவிர உங்களுக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒரு மாஸ்டடான் சர்வர் நிர்வாகியின் வீட்டில் வேறொரு விஷயத்துக்காக எஃப்பிஐ சோதனை போட்டபோது, அந்த சர்வரின் பூட்டப்படாத தரவு நகலும் சேர்ந்து போனது. அதே ஆண்டு mastodon.lol என்ற நல்ல கூட்டம் உள்ள சர்வரை, சண்டைகளும் மிரட்டல்களும் தாங்காமல் அதன் நிர்வாகி மூட முடிவெடுத்தார். வேறு சர்வருக்கு மாறும்போது உங்களைப் பின்தொடர்கிறவர்களைக் கூட்டிப் போகலாம், பழைய பதிவுகள் கூட வராது. முகம் தெரியாத ஒரு கம்பெனியை விட்டுவிட்டு, பெயர் தெரிந்த ஒரு மனிதரை நம்புகிறீர்கள். அந்த மனிதருக்கும் காய்ச்சல் வரும், மகள் கல்யாணம் வரும், சர்வர் வாடகை கட்ட மறந்துபோகும்.

நன்மை எங்கே என்றால், தணிக்கை என்று சொல்லப்படும் அந்த அன்றாடக் குப்பை அள்ளும் வேலையில். இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட 1982 மண்டைக்காடு கலவரம் இன்னும் பெரியவர்கள் நினைவில் இருக்கும் மாவட்டம் நம்முடையது. கோவில் கொடை, குருசடி, ஊர்வலம் என்று எதை ஒட்டியும் ஒரு பொய்ப் படம் கிளம்பலாம். ஒரு சாதி வசவு தமிழில் எழுதப்பட்டால், அதை வசவு என்று கண்டுகொள்ள தமிழ் தெரிந்த கண் வேண்டும். பேச்சுவழக்கில் எது கேலி, எது கொலை மிரட்டல் என்று எந்த மொழிபெயர்ப்பு நிரலும் உறுதியாகச் சொல்லிவிடாது. பெரிய நிறுவனங்கள் இதில் எவ்வளவு கோட்டைவிடும் என்பதற்கு மியான்மர் சாட்சி. தங்கள் தளம் அங்கே வன்முறையைத் தூண்டப் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமானதைச் செய்யவில்லை என்று 2018-ல் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. சின்ன சர்வரில் புகார் வந்தால் தமிழ் படிக்கும் ஒருவர் அன்றே பார்ப்பார், தேவைப்பட்டால் அந்த ஆளின் சர்வரையே துண்டிப்பார். 2019-ல் வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் தளம் மாஸ்டடான் நிரலுக்கு மாறியபோது, பெரும்பாலான சர்வர்கள் தாங்களாகவே அதைத் துண்டித்துத் தனிமைப்படுத்தின. யாரும் உத்தரவு போடவில்லை.

ஆனால் ஐரோப்பாவில் யாரோ நடத்தும் சர்வரில் போய்ச் சேர்ந்தால் இந்த நன்மை உங்களுக்கு இல்லை. அந்த நிர்வாகி நல்ல மனிதராகவே இருப்பார், தமிழ் தெரியாது. அதோடு இன்னொரு பக்கமும் உண்டு. 2023 ஜூலையில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பெரிய சர்வர்களின் பதிவுகளை இரண்டு நாள் சலித்தபோது, குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைப் படங்கள் என ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட 112 படங்கள் அகப்பட்டன. பெரிய கம்பெனிகளிடம் இதைத் தானாகக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன. என்னைப் போன்றவர்களிடம் பெரும்பாலும் கண்ணும் விரலும்தான். புதிய சர்வர் தொடங்கலாம் என்று அண்ணன் மகன் சொன்னால், ராத்திரி ஒரு மணிக்கு அந்த மாதிரிப் புகார் வந்தால் யார் பார்ப்பது என்று கேளுங்கள். சர்வர் எவ்வளவு சின்னதானாலும் சட்டத்தின் பார்வையில் அவன் ஓர் இடைநிலையாளர், அதாவது மற்றவர்கள் எழுதுவதை வெளியே கொண்டுபோகும் இடத்தை நடத்துகிறவன். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் கடுமையான சில கடமைகள் 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ளவர்களுக்கு என்றாலும், புகார் அலுவலரை வைப்பது போன்றவை சின்னவர்களுக்கும் உண்டு. நுணுக்கங்களுக்கு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் வட்டத்துக்கு வருகிறேன். நான் பயப்படுவது மெட்டாவின் கண்காணிப்பைவிடப் பக்கத்தில் இருக்கும் ஒன்றைப் பற்றி. வாட்ஸ்அப் குழுவில் நூறு பேரின் போன் நம்பரும் நூறு பேருக்கும் தெரியும். நர்சிங் படிக்கும் பெண்பிள்ளைகள் குழுவில் இருக்கிறார்கள். இப்படி எடுத்த நம்பருக்கு ராத்திரி குட்நைட் அனுப்பும் மகான்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தத் தொந்தரவை நம் பக்கத்துக் குழுக்களில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கூட்ட அறிவிப்புகளை மட்டும் வாட்ஸ்அப் சேனலுக்கு மாற்றினால் பின்தொடர்கிறவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. நிறுவனம் அதேதான், மெட்டாதான். ஆனால் உங்கள் வட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அது உடனே பாதுகாப்பு. கொள்கைக்காக மாஸ்டடானுக்குப் போய் அவளை விட்டுவிடுவதைவிட இது பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன். அண்ணன் மகன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

அடுத்தது, வட்டத்துக்குச் சொந்தமாக ஒரு முகவரி. ஒரு டொமைன் வாங்கி, எளிய வலைப்பதிவு ஒன்று போடுங்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாய் முதல் ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். கூட்டக் குறிப்பும் நூல் அறிமுகமும் முதலில் அங்கே வரட்டும், பிறகு அதன் இணைப்பு பேஸ்புக்குக்கும் சேனலுக்கும் மாஸ்டடானுக்கும் போகட்டும். நீங்கள் தமிழ் வலைப்பதிவுக் காலத்தில் வாசித்தவர் என்றால் தமிழ்மணம் நினைவிருக்கும். 2004-ல் தொடங்கியது. எங்கெங்கோ தனித்தனியாக எழுதியவர்களின் பதிவுகளை ஓடை (புதிய பதிவுகளைத் தானாக அறிவிக்கும் ஃபீட்) வழியாக ஒரே இடத்தில் திரட்டிக் காட்டியது. மாஸ்டடான் என்ற பெயர் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே பரவலாக்கத்தை நாம் தமிழில் செய்துகொண்டுதான் இருந்தோம். பதிவுகள் எழுதியவர்களிடமே இருந்ததால், திரட்டிகள் வந்து போனபோதும் பலருடைய எழுத்து அழியவில்லை. பேஸ்புக் வந்ததும் நாமெல்லாம் அதை விட்டுவிட்டு அங்கே குடிபோனோம். அந்தக் காலத்தில் பேஸ்புக்கில் மட்டும் எழுதியவர்களிடம், பத்து வருடம் முன்பு எழுதிய ஒன்றைத் தேடி எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

மாஸ்டடானில் வட்டத்துக்கு ஒரு கணக்கு வைப்பதும் நல்லதுதான். அதை அண்ணன் மகனிடமே விட்டுவிடுங்கள், யாரையும் கட்டாயப்படுத்தாமல் பத்துப் பேர் வந்தாலும் சரி. சர்வரைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அறிமுகப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்: நிர்வாகி யார், செலவை யார் பார்க்கிறார், தமிழ் படிக்கிறவர் இருக்கிறாரா, மூடுவதானால் எவ்வளவு நாள் முன்னறிவிப்பு தருவார்கள். ஓசியில் பயன்படுத்தாமல் மாதம் ஐம்பது ரூபாயாவது கொடுக்கச் சொல்லுங்கள். 2024-லிருந்து மெட்டாவின் த்ரெட்ஸ் என்ற தளமும் இதே விதிமுறையில் ஓரளவு இணைந்திருக்கிறது என்பதையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். மெட்டா வேண்டாம் என்று ஓடிப்போய்ச் சேர்ந்த இடத்திலும் மெட்டா பேச்சுக் கொடுக்கிறது. அதைத் துண்டித்த சர்வர்களும் உண்டு, சேர்த்துக்கொண்டவையும் உண்டு. என் சர்வரில் துண்டிக்கவில்லை. அது சரியா என்பதில் எங்களுக்குள்ளேயே இன்னும் சண்டை நடக்கிறது.

எதைச் செய்வதற்கும் முன்னால், பேஸ்புக் அமைப்புகளில் போய்ப் பக்கத்தின் தகவலைப் பதிவிறக்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் முக்கியமான உரையாடல் இருந்தால் அதையும் ஏற்றுமதி செய்யலாம். டொமைன் வாங்கும்போது பாஸ்வேர்டு வட்டத்தில் குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும், பதிவு செய்யும் மின்னஞ்சல் வட்டத்துக்கென்று தனியாகத் திறந்ததாக இருக்கட்டும். அண்ணன் மகன் படிப்பு முடிந்து பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகும், புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் வந்தால் அதைப் பார்த்துப் பணம் கட்ட உள்ளூரில் ஆள் வேண்டும்.